விசுவாச அறிக்கையின் பன்னிரண்டு கூறுகளும் ஒரே எடையா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சில மாதங்களாக ஒரு சுவிசேஷ சபைக்குப் போய்வருகிறீர்கள். அங்கத்தினராகச் சேர விருப்பம் என்று சொன்னதும், 'நாங்கள் விசுவாசிப்பது' என்று தலைப்பிட்ட ஒரு தாளைத் தந்து, வாசித்துக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லியிருக்கிறார்கள். அதில் பன்னிரண்டு கூறுகள். பெரும்பாலானவற்றை முழுமனதோடு ஏற்கிறீர்கள், சில புரியவில்லை, இரண்டில் மனம் ஒப்பவில்லை. ஒன்று, அந்நியபாஷை, அதாவது தான் கற்காத மொழியை ஆவியின் ஏவுதலால் பேசுவதே, பரிசுத்த ஆவியின் அபிஷேகத்துக்கு (ஆவியால் நிரப்பப்படுவதற்கு) அடையாளம் என்பது. மற்றது, இரட்சிக்கப்படாதவர்களுக்கு நித்திய ஆக்கினை, அதாவது முடிவில்லாத தண்டனை, என்பது. 'சுவிசேஷ சபைகளின் அடிப்படை விசுவாசம் என்ன' என்று கேட்டுத்தான் ஆரம்பித்திருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்டது கடைசி வரியில் இருக்கிறது: 'இந்த இரண்டில் சந்தேகம் இருந்தால், கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொள்ளவே எனக்கு உரிமை இல்லையா?'

நான் வேதாகமக் கல்லூரியில் இறையியல் கற்பித்தவன். அதன்பின் இருபது வருடத்துக்கும் மேலாக, சபையில் சேர வருகிறவர்களுக்கான வகுப்பை நடத்திவருகிறேன். விசுவாசத்தை அறிக்கையிட்டவர்களுக்கு மட்டும் முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் மரபைச் சேர்ந்தவன். இதை முன்கூட்டியே சொல்லக் காரணம், என் சாய்வு தெரிந்தால்தான் நான் சொல்வதை நீங்கள் சரியாக எடைபோட முடியும். உங்கள் கையில் இருக்கும் தாளை நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதிய சுருக்கத்தை வைத்தே பேசுகிறேன்.

பன்னிரண்டு கூறுகளும் ஒரே எழுத்தளவில், வரிசையாக எண்ணிட்டு அச்சாகியிருக்கும். பார்க்கிறவருக்கு எல்லாம் ஒரே எடை என்றுதான் தோன்றும். ஆனால் அவை வெவ்வேறு நூற்றாண்டுகளில், வெவ்வேறு வழக்குகளின் நடுவே பிறந்தவை. சில, கிறிஸ்துவை ஆண்டவர் என்று சொல்லும் ஏறத்தாழ எல்லாச் சபைகளுக்கும் பொது. சில, சுவிசேஷ சபைகளை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுபவை. மீதி, அந்தச் சபையோ அது சார்ந்த பிரிவோ எடுத்துக்கொண்ட நிலைப்பாடு. பவுலே இப்படி எடை பிரித்துத்தான் பேசினார். கொரிந்தியருக்கு எழுதும்போது, தான் 'பிரதானமாக' ஒப்புவித்தது எது என்று சொல்கிறார்: கிறிஸ்து நமது பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார். அதே பவுல், மாமிசம் சாப்பிடலாமா, ஒரு நாளை இன்னொரு நாளைவிட விசேஷமாக எண்ணலாமா என்ற சச்சரவு ரோமாபுரி சபையில் எழுந்தபோது, அவனவன் தன் மனதிலே முழு நிச்சயம் உடையவனாயிருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார். இரண்டையும் ஒரே குரலில் அவர் பேசவில்லை.

எல்லோருக்கும் பொதுவானவை உங்கள் தாளில் முதல் நான்கைந்து கூறுகளாக இருக்கும். ஒரே தேவன், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்னும் திரியேகர். இயேசு மெய்யான தேவன், மெய்யான மனிதன். கன்னியிடத்தில் பிறந்தார், சிலுவையில் மரித்தார், சரீரத்தோடு உயிர்த்தெழுந்தார், மறுபடியும் வருவார். இவற்றில் எதையும் சுவிசேஷ சபைகள் புதிதாகச் சொல்லவில்லை. 325-ல் நிசேயாவிலும், 381-ல் கான்ஸ்டாண்டிநோபிளிலும், 451-ல் கல்சேதோனிலும் கூடிய சங்கங்கள் சொல் சொல்லாக வாதிட்டு வகுத்தவை. கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் நிசேயா விசுவாசப் பிரமாணத்தை இன்றும் ஆராதனையில் சொல்கிறார்கள். கல்சேதோனின் சொற்களை ஏற்காத கிழக்கத்திய சபைகள்கூட, இயேசு மெய்யான தேவனும் மெய்யான மனிதனும் என்பதை விட்டுக்கொடுப்பதில்லை. இந்த வரிகளில் ஒன்றை, உதாரணமாக உயிர்த்தெழுதலை, நீங்கள் மறுப்பதாக எழுதியிருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும். கிறிஸ்து எழுந்திராவிட்டால் எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா என்று பவுல் எழுதியதை மழுப்ப வழியில்லை. நீங்கள் அதைத் தொடவே இல்லை.

அடுத்து வருவதுதான் உங்கள் சபைக்கு அந்தப் பெயரையே தருவது. சுவிசேஷம் என்றால் நற்செய்தி. 1517-ல் மார்ட்டின் லூத்தர் தொடங்கிவைத்த சீர்திருத்தத்தைப் பின்பற்றியவர்கள் தங்களைச் 'சுவிசேஷத்தார்' என்று அழைத்துக்கொண்டார்கள். லூத்தரன் சபைகள் பலவற்றின் பெயரில் இன்றும் அந்தச் சொல் இருப்பது அதனால்தான். அங்கே அதற்கு ஏறத்தாழ 'புராட்டஸ்டன்ட்' என்றுதான் பொருள். இன்று நாம் சுவிசேஷ சபை என்று சொல்லும்போது மனதில் இருப்பது, 18-ஆம் நூற்றாண்டின் எழுப்புதல்களில், அதாவது விசுவாசத்தைப் புத்துயிர்ப்பித்த இயக்கங்களில், உருவான வேறொரு குடும்பம். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட்டின் மொரேவியர்கள், இங்கிலாந்தின் பிரசங்கிகள் ஜான் வெஸ்லி, ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டு, அமெரிக்காவின் ஜொனாதன் எட்வர்ட்ஸ் ஆகியோர் அதன் முன்னோடிகள். அந்தக் குடும்பத்துக்குத் தலைமைப்பீடம் இல்லை, எல்லோரையும் கட்டும் ஒரே அறிக்கையும் இல்லை. அதனால் வரலாற்றாசிரியர் டேவிட் பெபிங்டன் 1989-ல் அதன் முக ஜாடையை நான்கு அம்சங்களாகச் சொன்னார்: வேதத்துக்குத் தரும் அதிகாரம், சிலுவையை மையமாக வைப்பது, ஒவ்வொருவரும் மனந்திரும்பி மறுபடியும் பிறக்க வேண்டும் என்பது, விசுவாசம் செயலில் இறங்க வேண்டும் என்பது. வகுப்பில் நானும் இதையே பிடித்துக்கொண்டு நடத்துகிறேன், ஏனென்றால் எந்தச் சபையின் தாளை எடுத்தாலும் இந்த நான்கும் அதில் தட்டுப்படும்.

வேதத்தைப் பற்றிய கூறு. 39 பழைய ஏற்பாட்டுப் புத்தகங்கள், 27 புதிய ஏற்பாட்டுப் புத்தகங்கள், ஆக 66. கத்தோலிக்க வேதாகமத்தில் 73. இந்த 66-ம் தேவ ஆவியினால் அருளப்பட்டவை, சபையின் மரபோ போதகரின் வார்த்தையோ இதற்கு மேலே நிற்க முடியாது என்பதே இந்தக் கூறின் நெஞ்சு. இதில் சுவிசேஷ சபைகளிடையே பேதமில்லை. 'பிழையற்றது' என்ற சொல்லை எவ்வளவு தூரம் நீட்டுவது என்பதில் உண்டு. 1974-ல் லோசானில் கூடிய உலக சுவிசேஷ மாநாட்டின் உடன்படிக்கை, வேதம் தான் உறுதியாகச் சொல்லும் எல்லாவற்றிலும் பிழையற்றது என்று சொல்கிறது. ஒரு பகுதி எதை உறுதியாகச் சொல்கிறது என்று கேட்க இங்கே இடம் இருக்கிறது. 1978-ல் வந்த சிகாகோ அறிக்கை, வரலாறும் அறிவியலும் சார்ந்த விஷயங்களிலும் வேதம் பிழையற்றதே என்று விரித்துச் சொல்லி, வேலியை இறுக்கிப் போடுகிறது. ஆதியாகமத்தின் ஆறு நாட்கள் 24 மணி நேர நாட்களா என்பதில், வேதத்தை உயிராக மதிக்கும் இருவர் எதிரெதிர் பக்கம் நிற்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். உங்கள் தாளில் இந்த வரி எப்படி இருக்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். ஒரு சபை எவ்வளவு இறுக்கமானது என்பதை அந்த ஒரு வாக்கியத்திலிருந்தே ஓரளவு கணித்துவிடலாம்.

சிலுவையைப் பற்றிய கூறு உங்களுக்குப் புரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்: 'ஒருவர் குற்றத்துக்கு இன்னொருவரைத் தண்டிப்பது எப்படி நீதியாகும்?' நேர்மையான கேள்வி. மோசமான பிரசங்கங்கள்தான் இதை அவசியமாக்கியிருக்கின்றன. கோபத்தில் இருக்கும் பிதா, குற்றமற்ற மூன்றாம் ஆள் ஒருவரைப் பிடித்து அடித்துத் தன் கோபத்தைத் தணித்துக்கொண்டார் என்பதுபோல் சிலர் சொல்கிறார்கள். அப்படியானால் அது அநீதிதான். ஆனால் திரியேகத்தைப் பற்றிய முதல் கூறை மறந்தால்தான் அப்படிச் சொல்ல வரும். சிலுவையில் இருப்பவர் மூன்றாம் ஆள் இல்லை, தேவனே. தனக்கு விரோதமாகச் செய்யப்பட்ட தவறின் விலையைத் தேவன் தம்மேலேயே ஏற்றுக்கொண்டார் என்பதுதான் உபதேசம். ஒருவர் பட்ட கடனைத் தள்ளிவிடுகிறவர் யாரானாலும், அந்த நஷ்டம் அவர் கணக்கில்தான் விழும். மன்னிப்பு என்பதே, காயப்பட்டவர் அந்தக் காயத்தின் செலவைத் தானே ஏற்பதுதான். இதைப் புதிய ஏற்பாடு ஒரே உருவகத்தில் அடைக்கவில்லை. நீதிமன்றத்திலிருந்து 'நீதிமானாக்கப்படுதல்', அடிமைச் சந்தையிலிருந்து 'மீட்பு', பலிபீடத்திலிருந்து 'கிருபாதாரபலி', பகையான இருவர் கைகோர்ப்பதிலிருந்து 'ஒப்புரவாகுதல்', போர்க்களத்திலிருந்து 'ஜெயம்'. நமக்குப் பதிலாக மரித்தார் என்பதைச் சுவிசேஷ சபைகள் மையத்தில் வைக்கும், வைக்கத்தான் வேண்டும் என்பது என் எண்ணமும். மற்ற உருவகங்களை அழித்துவிட்டு இதை மட்டும் பேசும் சபையில் ஏதோ குறைகிறது என்றும் சொல்வேன்.

மறுபடியும் பிறப்பது பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், தமிழில் இது இருமடங்கு குழப்பம் தருவதால். மறுபிறவி என்றால் செத்தபின் வேறோர் உடலில் பிறப்பது என்றுதான் நம் மொழியில் காலங்காலமாகப் பொருள். வகுப்புக்கு முதல்முறை வரும் பாதிப் பேர் அந்தப் பொருளோடுதான் யோவான் மூன்றாம் அதிகாரத்தைத் திறக்கிறார்கள். அந்த அதிகாரத்தில் இயேசுவிடம் பேச வரும் யூதத் தலைவர் நிக்கொதேமுவுக்கும் குழப்பம்தான், அது வேறு விதக் குழப்பம். இயேசு சொன்னதாக யோவான் எழுதும் கிரேக்கச் சொல் 'அனோதென்'. அதற்கு 'மறுபடியும்' என்றும் பொருள், 'மேலிருந்து' என்றும் பொருள். நிக்கொதேமு முதல் பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு, வயதானவன் தாயின் கர்ப்பத்தில் திரும்பவும் எப்படிப் பிரவேசிப்பான் என்று கேட்கிறார். இயேசுவோ ஆவியினால் பிறப்பதைப் பற்றி, காற்று தனக்கு இஷ்டமான இடத்தில் வீசுவதைப் பற்றிப் பேசுகிறார். மேலிருந்து வரும் பிறப்பு, இதே உயிரில், இதே உடம்பில். குழந்தை தன் பிறப்பைத் தானே நடத்திக்கொள்வதில்லை என்பது அந்த உருவகத்துக்குள்ளேயே இருக்கிறது. சபைகளில் 'எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டீர்கள்?' என்று கேட்பது வழக்கமாகிவிட்டதால், தேதி சொல்லத் தெரியாதவர்கள் கூனிக்குறுகி நிற்பதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். வெஸ்லிக்குத் தேதி இருந்தது: 1738 மே 24, இரவு ஒன்பதுக்குக் கால் மணி முன்பு, லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டம் ஒன்றில். எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. உயிரோடு இருக்கிறவர் பிறந்ததற்குச் சாட்சி, அவர் மூச்சு விடுவதுதான். பிறந்த நாள் ஞாபகம் இருக்கிறதா என்று யாரும் அதற்குக் கேட்பதில்லை.

இதோடு ஒட்டியதுதான் 'கிருபையினாலே, விசுவாசத்தைக்கொண்டு' என்ற வரி. நாம் சம்பாதித்ததல்ல, தேவனுடைய ஈவு என்று எபேசியர் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. 'விசுவாசம்' என்ற சொல்லையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். சபைக்கு வெளியே தமிழில் அதற்கு நன்றியுள்ள உண்மை, எஜமானை விட்டுப் போகாத பற்று என்று பொருள். சபைக்குள்ளே பலர் அதை வெறும் ஒப்புதலாகச் சுருக்கிவிடுகிறார்கள்: பன்னிரண்டு வரிக்கும் தலையாட்டினால் விசுவாசம் முடிந்தது என்று. கிரேக்கத்தில் 'பிஸ்திஸ்' என்ற சொல்லுக்குள் நம்பிச் சாய்வதும் இருக்கிறது, உண்மையாய் நிலைத்திருப்பதும் இருக்கிறது. தமிழின் தெருப்பொருள் அந்தச் சொல்லின் ஒரு பாதியைச் சபைப் பொருளைவிட நன்றாகவே காப்பாற்றி வைத்திருக்கிறது. ஒரு நபரைச் சார்ந்து நிற்பதுதான் விசுவாசம், அவரைப் பற்றிய வாக்கியங்கள் அதற்குத் துணை. இரட்சிப்பு கிருபையினால் என்று பன்னிரண்டில் ஒரு கூறு சொல்லும்போது, மற்ற பதினொன்றிலும் நூற்றுக்கு நூறு வாங்கினால்தான் இரட்சிப்பு என்று ஆகிவிடாது. அப்படி ஆக்கினால் உபதேச அறிவே, இரட்சிப்பைச் சம்பாதிக்க நாம் செய்யும் ஒரு புதிய கிரியையாகிவிடும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கூறில் கத்தோலிக்கரோடு இருந்த பகை பழைய உக்கிரத்தில் இன்று இல்லை. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதலைப் பற்றி ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. சுவிசேஷ சபையார் பலருக்கு அது போதாது. ஆனால் 'அவர்கள் கிரியையால் இரட்சிப்பு என்கிறார்கள், நாங்கள் கிருபையால் என்கிறோம்' என்று ஒரே வரியில் சொல்லிப் போகிறவர், அந்த அறிக்கையை வாசித்திருக்க வாய்ப்பில்லை.

செயலைப் பற்றிய கூறில் நீளமாகப் பேச ஒன்றுமில்லை. நற்செய்தியைச் சொல்வது கடமை, அதோடு அயலானுக்கு நியாயம் செய்வதும் கடமை. 1807-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை வியாபாரத்தைத் தடைசெய்வதற்கு முன், அதற்காக நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸ் போன்ற சுவிசேஷத்தார் இருபது வருடம் போராடினார்கள். சமூகப் பொறுப்பும் நம் கிறிஸ்தவக் கடமையின் பகுதி என்று லோசான் உடன்படிக்கை தன் 15 பகுதிகளில் ஒன்றை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறது.

இனி, சபைக்குச் சபை மாறுபவை. ஞானஸ்நானம் குழந்தைக்கா, விசுவாசிக்கா, முழுக்கா, தெளிப்பா. திருவிருந்தில் கிறிஸ்து எப்படி இருக்கிறார். தேவன் முன்குறித்தாரா, மனிதன் தெரிந்துகொள்கிறானா. பெண்கள் மூப்பராகலாமா. ஆயிர வருட அரசாட்சிக்கு முன்னா பின்னா கிறிஸ்து வருவார், இரகசிய வருகை என்று தனியாக ஒன்று உண்டா. இவை அற்பமானவை என்று நான் சொல்லவில்லை. விசுவாசிகளின் ஞானஸ்நானத்துக்காக 1527-ல் ஃபீலிக்ஸ் மான்ஸ் என்பவரை, அவரைப்போலவே வேதம் ஒன்றே அதிகாரம் என்று சொன்ன சூரிச் நகரத்தார் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். என் மரபின் முன்னோர்களில் ஒருவர் அவர். ஒரு மூன்றாம் தரக் கூறை முதல் தரத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிட வேறு உதாரணம் எனக்குத் தேவைப்பட்டதில்லை. 1529-ல் மார்பர்க் கோட்டையில் லூத்தரும் சூரிச்சின் சீர்திருத்தத் தலைவர் சுவிங்லியும் உட்கார்ந்து 15 கூறுகள் எழுதினார்கள். 14-ல் உடன்பாடு. பதினைந்தாவதில், கிறிஸ்துவின் சரீரம் அப்பத்தில் மெய்யாகவே இருக்கிறதா என்ற ஒரே இடத்தில் முட்டி நின்றது, இரு சபைகளும் பிரிந்தே போயின. இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்திருக்கிறது. முன்குறித்தலைப் பற்றி வெஸ்லியும் ஒயிட்ஃபீல்டும் அச்சிலேயே சண்டை போட்டவர்கள். 1770-ல் ஒயிட்ஃபீல்டு இறந்தபோது லண்டனில் அவருக்காக நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி.

உங்கள் முதல் சந்தேகம் இந்த வரிசையில்தான் உட்காருகிறது. அந்நியபாஷை ஆவியின் வரங்களில் ஒன்று என்பது ஒரு விஷயம், அதுவே அபிஷேகத்தின் முதல் அடையாளம் என்பது இன்னொரு விஷயம். இரண்டாவது உபதேசம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்றது. 1906-ல் லாஸ் ஏஞ்சல்ஸின் அசூசா தெருவில், அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்த வில்லியம் சீமோர் நடத்திய எழுப்புதலிலிருந்து அது உலகமெங்கும் பரவியது. அந்த எழுப்புதலின் வழியில் வந்த பெந்தெகொஸ்தே சபைப் பிரிவான அசெம்பிளீஸ் ஆஃப் காட் 1916-ல் தன் அறிக்கையில் அதைச் சேர்த்தது. அப்போஸ்தலர் நடபடிகளில் இரண்டு, பத்து, பத்தொன்பதாம் அதிகாரங்களைப் பெந்தெகொஸ்தே சபையார் ஆதாரமாகக் காட்டுவார்கள். அதை எளிதாகத் தள்ள முடியாது. மறுபக்கம், 'எல்லாரும் பாஷைகளைப் பேசுகிறார்களா?' என்று கொரிந்தியரிடம் பவுல் கேட்கும் கேள்விக்கு 'இல்லை' என்பதே எதிர்பார்க்கப்படும் பதில். எனக்கு இந்த இரண்டாம் வாதமே வலுவாகத் தெரிகிறது, ஆனால் நான் பெந்தெகொஸ்தே மரபைச் சேர்ந்தவன் இல்லை என்பதையும் சேர்த்து எடைபோடுங்கள். எப்படியானாலும், கிறிஸ்தவரா இல்லையா என்பதை இந்தக் கூறு தீர்மானிப்பதாக அந்தச் சபைகளின் பொறுப்பான போதகர்களே சொல்வதில்லை. இரட்சிப்பு வேறு, அபிஷேகம் வேறு என்பதே அவர்கள் உபதேசம். பல இடங்களில் ஊழியர்களிடம் இதைக் கட்டாயமாகக் கேட்பார்கள், அங்கத்தினர்களிடம் அத்தனை கண்டிப்பு இருக்காது.

இரண்டாவது சந்தேகத்துக்கு அப்படி எளிதாக இடம் காட்ட என்னால் முடியாது. தேவன் நியாயந்தீர்ப்பார் என்பது முதல் அடுக்கைச் சேர்ந்தது, நிசேயாவிலேயே இருக்கிறது. இரட்சிப்பு கிறிஸ்துவின் மூலமாகவே என்பதில் சுவிசேஷ சபைகள் ஒரே குரல். கடைசியில் எல்லோரும் இரட்சிக்கப்பட்டுவிடுவார்கள் என்ற போதனையையும் பொதுவாக ஏற்பதில்லை. ஆனால் அந்த ஆக்கினை எப்படிப்பட்டது? முடிவில்லாத உணர்வுள்ள வேதனை என்பதே சபை வரலாற்றிலும் சுவிசேஷத்தாரிடையிலும் பெரும்பான்மைக் கருத்து. இறுதியில் அழிந்துபோவது என்று வாதிடும் சிறுபான்மையும் உண்டு. லோசான் உடன்படிக்கையை எழுதிய குழுவுக்குத் தலைமை தாங்கிய ஜான் ஸ்டாட், 1988-ல் தயக்கத்தோடு அந்தப் பக்கம் தன் சாய்வைச் சொன்னார். 2000-ல் பிரிட்டனின் சுவிசேஷக் கூட்டணி இதை ஆராய்ந்து, இது சிறுபான்மைக் கருத்தானாலும் சுவிசேஷக் கருத்துக்களில் ஒன்றே என்று ஏற்றது. நான் பெரும்பான்மைப் பக்கம் நிற்கிறேன், ஆனால் மகிழ்ச்சியோடு நிற்கவில்லை. மகிழ்ச்சியோடு இதைப் பிரசங்கிக்கிறவரிடம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

பல வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் இருந்தார். எட்டாம் கூறு வரை ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் சிறிய சரி போட்டுக்கொண்டே வந்தார். ஒன்பதாவது இந்த ஆக்கினையைப் பற்றியது. பென்சிலைத் தாளின் மேல் குறுக்காக வைத்துவிட்டு, 'ஐயா, என் அம்மா இயேசுவின் பேரைக்கூடக் கேட்காமல் போனவங்க' என்றார். நான் செய்தது தவறு. அரைமணி நேரம் ரோமர் முதல் இரண்டு அதிகாரங்களை விளக்கினேன். அவர் கேட்டது விளக்கம் இல்லை என்பது, அவர் அடுத்த இரண்டு வாரம் வராதபோதுதான் எனக்கு உறைத்தது. தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். 'உங்கள் அம்மாவைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எனக்கும் இல்லை, இந்தத் தாளுக்கும் இல்லை' என்று சொல்லி, சோதோமுக்காகத் தேவனோடு வாதாடிய ஆபிரகாமின் வார்த்தையை மட்டும் ஆதியாகமம் 18:25-லிருந்து வாசித்தேன்: 'சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ?' அது கேள்வி வடிவில் இருக்கிறது என்பதை அவர்தான் எனக்குச் சுட்டிக்காட்டினார். நற்செய்தியைக் கேட்காமல் இறந்தவர்களைப் பற்றி வேதம் நேராகச் சொல்வது மிகக் குறைவு. மிகுதியாகச் சொல்வது அந்த நியாயாதிபதியின் குணத்தைப் பற்றி. இதற்கு மேல் போகிறவர்கள், நம்பிக்கை தரும் பக்கம் போனாலும் பயமுறுத்தும் பக்கம் போனாலும், ஊகத்தில்தான் நடக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. விசுவாசித்தால் வியாதி வராது, காணிக்கை கொடுத்தால் செல்வம் பெருகும் என்று வாக்களிக்கும் கூறு ஏதாவது அந்தத் தாளில் இருந்தால், இந்த மூன்று அடுக்கில் எதிலும் அதை வைக்காதீர்கள். 2010-ல் லோசான் இயக்கத்தின் கேப்டவுன் அறிக்கை அந்த உபதேசத்தைப் பெயர் சொல்லியே மறுத்திருக்கிறது. மழுப்பிப் பேச இங்கே நான் தயாராக இல்லை: வியாதிப்படுக்கையில் கிடந்த விசுவாசிகளை 'உனக்கு விசுவாசம் போதவில்லை' என்ற பேச்சு எப்படி நொறுக்கியது என்பதை அருகில் இருந்து பார்த்தவன் நான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கிறிஸ்தவரா என்றால், நீங்கள் எழுதியதை வைத்துப் பார்க்கும்போது அதைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. உயிர்த்தெழுந்த இயேசுவைக் கலிலேயா மலையில் பார்த்தவர்களைப் பற்றி மத்தேயு எழுதுகிறார்: பணிந்துகொண்டார்கள், சிலரோ சந்தேகப்பட்டார்கள். அடுத்த வசனங்களில் சகல ஜாதிகளையும் சீஷராக்கும் கட்டளை வருகிறது. சந்தேகப்பட்டவர்களைத் தனியே நிறுத்திவைத்துவிட்டு அதைக் கொடுத்ததாக மத்தேயு எழுதவில்லை. ஆனால் அங்கத்தினராகக் கையெழுத்திடுவது வேறு விஷயம். மனம் ஒப்பாததில், சங்கடத்துக்காகக் கையெழுத்துப் போடாதீர்கள். போதகரிடம் தனியாக நேரம் கேட்டு இரண்டு கேள்விகளை முன்வையுங்கள். இந்தக் கையெழுத்து 'ஒவ்வொரு வரியையும் நான் ஏற்கிறேன்' என்று பொருள்படுகிறதா, அல்லது 'இதுதான் இந்தச் சபையின் போதனை என்று அறிவேன், இதற்கு விரோதமாகப் போதித்துப் பிரிவினை உண்டாக்கமாட்டேன்' என்று பொருள்படுகிறதா? இரண்டாவதாக, தெளிவு வரும்வரை கையெழுத்திடாமலேயே ஆராதனைக்கும் வேதபாடத்துக்கும் தொடர்ந்து வரலாமா? முதல் கேள்விக்கு அவர் சொல்லும் பதில் எதுவானாலும் அது நேர்மையான பதிலாக இருக்கலாம். இரண்டாவதற்கு 'கூடாது' என்றால், வேறு சபை தேடுவதில் தவறே இல்லை.

அந்தச் செவிலியர் தாளைத் தன் வேதாகமத்துக்குள் மடித்து வைத்துக்கொண்டு பதினான்கு மாதம் வந்துபோனார். திரும்பத் தந்தபோது கீழே கையெழுத்து இருந்தது. ஒன்பதாம் கூறின் ஓரத்தில் மட்டும் சரி இல்லை. அங்கே 'ஆதி 18:25' என்று பென்சிலால் எழுதியிருந்தார். மூப்பர்களிடம் காட்டினேன். ஒருவரும் மறுக்கவில்லை.